ஒரு மணிக்கு அப்பா மட்டும்

தேஹு ரோடு
18.6.1995

அன்புள்ள அத்தானுக்கு,

அபயம் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்பதையெல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இன்லண்டில் இடம் குறைச்சல், சொல்ல வேண்டியது நிறைய.

பாரு இன்றைக்கும் சாப்பிடவில்லை. அவளுடைய ஆண்டு நிறைவுக்கு வந்தபோது லலிதா அண்ணி சொன்னபடிதான் எல்லாம் செய்கிறேன். உள்ளறைக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி, ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, யார் கண்ணும் படாமல்தான் ஊட்டுகிறேன். மற்ற பிள்ளைகளுக்குக் காக்கா, குருவி காட்டுவார்கள். சாத்திய அறைக்குள் காக்காவுக்கு எங்கே போவேன்? நானே காக்காவாகக் கத்துகிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொள்கிறாள். இரண்டு வயது நெருங்குகிறது, தூக்கினால் கனமே இல்லை. எனக்கு அழுகையாக வருகிறது.

இங்கே பஜாரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பிரைமரி காம்ப்ளெக்ஸ், பிள்ளைகளுக்கு வரும் காசம்தான், மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். நம் பக்கத்து வீட்டு மில்ட்ரெட் அக்கா, அவர்களுக்குத்தான் டீச்சர் புத்தி ஆயிற்றே, சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இதக் குடுக்குறதுக்கு முன்னால தாபோடில தாம்லே டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிரு. எங்க லிபினுக்கு அவருதான் பாத்தாரு” என்றார்கள்.

லோக்கல் பிடித்துப் போனேன். மாவு மில்லுக்கு மேல்மாடி. படியெல்லாம் மாவு, போகிறவர் வருகிறவர் செருப்பெல்லாம் வெள்ளை. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம், அந்த மருந்து வேண்டாமாம். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாருவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஹிந்தியில் சொன்னார்: “அடுத்த தடவை அப்பா மட்டும் குழந்தையைக் கூட்டிவரட்டும். மத்தியானம் ஒரு மணிக்கு. நீங்கள் வரக்கூடாது.”

அப்பா மெட்ராஸ் பக்கம் ஆறு மாத டியூட்டியில் இருக்கிறார் என்றேன். வரும்போது வரட்டும் என்றார். குழந்தையைப் பெற்றவள் நான், சோற்றோடு மல்லுக்கட்டுகிறவள் நான். நான் வரக்கூடாதாம்! இது என்ன கூத்து என்று உங்களுக்காவது புரிகிறதா?

உங்கள்
அபயம்


ஆவடி
29.6.1995

அபயத்துக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டர் சொன்னது எனக்கும் விளங்கவில்லை. எனக்கு வைத்தியம் என்ன தெரியும்? ஆகஸ்டில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் பார்க்கலாம்.

லலிதா அக்காவும் எழுதியிருக்கிறாள். பாருவை மூன்று வயது முடியும்வரை பொன்மலையில் தன்னிடம் விடச் சொல்கிறாள். ரயில்வே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அவளுக்கும் வேறு வேலை இல்லை. நான் சரி என்றும் எழுதவில்லை, முடியாது என்றும் எழுதவில்லை. நீ உடனே குதிக்காதே. அம்மா போனபோது எனக்கு நாலு வயது. என்னை ஆளாக்கியது அக்கா. அவளுக்கென்று ஒரு பிள்ளை தங்கவில்லை. யோசித்து எழுது.

மழை தொடங்கியிருக்கும். பின்பக்கத்து ஓட்டை அடைத்துவிடு.

கல்யாணசுந்தரம்


தேஹு ரோடு
9.7.1995

அன்புள்ள அத்தானுக்கு,

ஓட்டை அடைத்தாயிற்று. யோசித்தும் ஆயிற்று. என் பிள்ளையை நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். அண்ணி உங்களை வளர்த்தார்கள், மறுக்கவில்லை. அதற்காக என் மகளைக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க முடியாது. மூன்று வயதில் அவள் என்னை யாரென்று கேட்டால் நீங்களா பதில் சொல்வீர்கள்?

இருந்தாலும் உங்கள் மௌனத்தைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. “முடியாது” என்று எழுத ஒரு கார்டு போதும். நீங்கள் எழுத மாட்டீர்கள். அதனால் தாம்லே டாக்டரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் என் பக்கம் ஏதாவது சொல்லிவிட்டால் உங்கள் வாயும் திறக்கும் அல்லவா.

பாருவுக்குச் சளி என்று மறுபடி போனேன். வெயிட்டிங் ரூமில் விசாரணைக் கமிஷனே வைத்துவிட்டேன். ஒரு மணி ஐயர் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! (ஐயர் என்றது டாக்டரை. மந்திரம் போடுகிற மாதிரி தனியாகக் கூப்பிடுகிறாரே.) காக்கிச் சட்டைக்காரர் ஒருவருடைய மனைவி, குடிக்கிற அப்பாக்களைப் பிள்ளை தலையில் சத்தியம் வாங்குகிறார் என்கிறாள். பிம்ப்ரியிலிருந்து வந்த சிந்தி அம்மா, அதெல்லாம் இல்லை, அப்பனுடைய ரத்தத்தை எடுக்கிறார் என்கிறாள். கிளினிக்கில் பெயர் கூப்பிடும் மாவுஷியிடம் கேட்டால், ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம், நான் கீழே போய்விடுவேன் என்று கையை விரிக்கிறாள். ஒரு பெண் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: நிஜமான வியாதியை அம்மாவிடம் சொல்லமாட்டாராம், அப்பாவிடம்தான் சொல்வாராம். அதைக் கேட்டதிலிருந்து ராத்திரி எழுந்து எழுந்து பாருவின் மூச்சைப் பார்க்கிறேன்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? போய்வந்த அப்பா ஒருவரும் வாய் திறந்ததில்லை. மில்ட்ரெட் அக்கா சொல்கிறார்கள்: “எங்க மனுஷன் போயிட்டு வந்து வருஷம் நாலு ஆச்சு. ஜெபத்துல உக்காரவச்சுக் கேட்டும் சொல்லல பாத்துக்கோ.” அவர்கள் வீட்டுக்காரர் நார்மன் அண்ணனிடம் நானே போய்க் கேட்டேன். “அது ஒண்ணுமில்ல தங்கச்சி” என்று சொல்லிவிட்டு ஓடாத ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டார்.

எப்படியாவது லீவு வாங்கி வாருங்கள். நான் சண்டை போட மாட்டேன்.

அபயம்


ஆவடி
24.8.1995

அபயத்துக்கு,

லீவு முடிந்து நேற்று வந்து சேர்ந்தேன். வண்டியில் இடம் கிடைத்தது.

ஸ்டேஷனில் வண்டி நகரும்போதும் டாக்டரிடம் என்ன நடந்தது என்றே கேட்டாய். வீட்டில் சொன்னதுதான். கதவைச் சாத்தாதே. துரத்தித் துரத்தி ஊட்டாதே. அவள் பார்க்கும்படி உட்கார்ந்து நீ சாப்பிடு. அவளுக்கு வியாதி ஒன்றும் இல்லை, அதை டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை.

கல்யாணசுந்தரம்


தேஹு ரோடு
10.9.1995

அன்புள்ள அத்தானுக்கு,

ஒன்றும் நடக்காததற்கா இரண்டு மணி நேரம்? தாபோடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான் எத்தனை லோக்கலை விட்டேன் தெரியுமா. வந்தீர்கள், பாரு தோளில் தூங்குகிறாள், உங்கள் சட்டையில் சிவப்பாக ஏதோ கறை. முகத்தில் ஈயாடவில்லை. கேட்டால் “வா, வண்டி வருது” என்கிறீர்கள். பெட்டிக்குள் ஏறியதும் பேப்பரைப் பிரித்து மறைத்துக்கொண்டீர்கள். மராத்திப் பேப்பர்! எந்தக் காலத்தில் மராத்தி படித்தீர்கள்?

சரி, நல்ல சேதியைச் சொல்கிறேன். டாக்டர் சொன்னபடி செய்கிறேன். முதல் இரண்டு நாள் எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. பசித்த பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டு பெற்றவள் வாயில் போட்டுக்கொள்கிறதா? உங்களுக்கும் பிள்ளைக்கும் ஆனபிறகு அடுப்படியில் நின்றபடி அள்ளிப் போட்டே பழகிவிட்டது. உட்கார்ந்து சாப்பிட்டால் ஏதோ திருடுகிற மாதிரி இருந்தது. அவள் என் வாயையே பார்த்தாள். மூன்றாம் நாள் என் தட்டிலிருந்து அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து ரசம் சோற்றில் கையை விட்டாள். பாதி தலையில், பாதி தரையில், ஆனால் ஒரு பிடி உள்ளே போனது அத்தான்! நான் மூச்சுக்கூட விடவில்லை. இப்போது தினமும் வருகிறாள். தாம்லே டாக்டரின் தராசில் முள் நகர்ந்துவிட்டது. மாவுஷிகூடக் கையைத் தட்டினாள்.

டாக்டரிடமே கேட்டேன், அன்றைக்கு என் வீட்டுக்காரரை என்ன செய்தீர்கள் என்று. சிரிக்கிறார். “அவரைக் கேளுங்கள்” என்கிறார். அவரைத்தான் கேட்கிறேன். என்ன செய்தார்? கதவைத் திறக்கச் சொல்ல அவருக்கு எப்படித் தெரியும், நான் கதவைச் சாத்துகிறேன் என்று?

அபயம்


ஆவடி
21.9.1995

அபயத்துக்கு,

எடை ஏறியது மிகவும் சந்தோஷம். அக்காவுக்கும் எழுதிவிட்டேன். இனி அவள் கவலைப்பட மாட்டாள். இங்கே ஸ்டாக் சரிபார்ப்பு, வேலை அதிகம்.

கல்யாணசுந்தரம்


தேஹு ரோடு
5.10.1995

அத்தானுக்கு,

அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி கையால் குழந்தை டாக்டர் முன்னாலேயே வயிறு முட்டச் சாப்பிட்டதாமே. அப்படியென்றால் குழந்தையிடம் கோளாறு இல்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, உனக்குக் கைவரவில்லை. தீபாவளி கழித்து நான் வந்து அழைத்துப்போகிறேன்.”

ஆக, இதைத்தான் மறைத்தீர்களா? உங்களோடு சாப்பிட்டாள். பத்து மாதமாக நான் காக்காவாகக் கத்தினேன், ஒரு பருக்கை இறங்கவில்லை. நீங்கள் ஒரு நாள் போனீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டாள். அதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அக்காவுக்கு எழுத மட்டும் கை வந்தது. என்னைப் பற்றி இரண்டு பேரும் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள், எனக்கு நகல்கூட இல்லை.

வெயிட்டிங் ரூமில் அந்தப் பெண் சொன்னது சரிதான். நிஜ வியாதியை அம்மாவிடம் சொல்லமாட்டார். வியாதி நான்தான் போலிருக்கிறது.

நடந்ததை முழுசாக எழுதுங்கள். இல்லாவிட்டால் இனி எழுதவே வேண்டாம்.

அபயாம்பாள்


ஆவடி
12.10.1995

அபயம்,

நீ முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முழுசாக எழுதுகிறேன். இன்லண்டு போதாது, கவரில் வைக்கிறேன்.

அன்றைக்குப் போனதும் டாக்டர் கதவைத் தாழிட்டார். என்னை அவருடைய நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பாருவுக்கு எத்தனை பல்? தண்ணீருக்கு அவள் என்ன சொல்வாள்? எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாள்? எதைக் கண்டால் பயப்படுவாள்? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டிப்போவில் எந்த ரேக்கில் எந்த நட்டு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் மகளுக்கு எத்தனை பல் என்று தெரியவில்லை.

“சரி, குழந்தை சாப்பிடாது என்கிறீர்களே, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்றார். இல்லை, கதவு சாத்தியிருக்கும் என்றேன். “என்ன கதவு?” என்றார். அப்போதுதான் கண்ணேறு விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “எங்கள் வீட்டிலும் உப்புச் சுற்றிப் போடுவார்கள்” என்றார்.

பிறகு தரையில் பேப்பரை விரித்து அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். பாக்ரி என்கிற சோள ரொட்டி, பரங்கிக்காய், பருப்பு, மிளகாய்ப்பொடி போட்டுச் சிவந்த வேர்க்கடலைச் சட்னி. எனக்கும் ஒரு தட்டு. பாருவுக்குத் தட்டும் இல்லை, உபசாரமும் இல்லை. “அவளைப் பார்க்காதீர்கள், சாப்பிடுங்கள்” என்றார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அபயம், நாங்கள் வாயைத் திறக்கும்போது அவளும் வாயைத் திறந்தாள். மெல்லும்போது அவளும் சும்மா மென்றாள். டிவி பார்க்கிற மாதிரி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அப்புறம் என் மடியில் ஏறி என் பாக்ரியைப் பிய்த்துத் தின்றாள். சட்டைக் கறை அந்தச் சட்னிதான்.

“இவள் முன்னால் யாராவது சாப்பிட்டு இவள் பார்த்திருக்கிறாளா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எனக்கு மத்தியானம் கேன்டீன். ராத்திரி அவள் தூங்கியபிறகு வருவேன். நீ யாரும் பார்க்காமல் சாப்பிடுகிறவள். ஒருவரும் இல்லை. “பாவம், சாப்பாடு என்றால் கதவைச் சாத்தித் தனக்கு மட்டும் கொடுக்கிற மருந்து என்று நினைத்திருக்கிறாள். ஊசி மாதிரி” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் அப்பாவை மட்டும் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “அம்மாவைக் கேட்டால் பதில் வருவதற்குள் பயம் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவர்தான் உட்கார்ந்து பார்ப்பார்” என்றார்.

இவ்வளவுதான். ஏன் உன்னிடம் சொல்லவில்லை? பல் விஷயம் ஒன்று. இன்னொன்று, கதவைச் சாத்தச் சொன்னது அக்கா. அதைச் சொன்னால் நீ அவளை விடமாட்டாய். அவளிடம் “உன்னால்தான்” என்று எழுத எனக்குக் கை வராது. அதனால் பாதியை மட்டும் எழுதினேன், குழந்தை என்னோடு நன்றாகச் சாப்பிட்டாள் என்று. அதைப் படித்தால் பாருவைக் கேட்பதை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அது இப்படித் திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முட்டாள்தனம்தான்.

வியாதி நீ இல்லை. அக்கா வந்தால் கொடுக்காதே. நான் சொன்னதாகவே சொல்.

சுந்தரம்

பி.கு.: டாக்டர் தன்னிடம் என்ன கேட்டார் என்று, லீவில் வந்தபோது நார்மன் என்னிடம் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்ல மாட்டேன்.


தேஹு ரோடு
6.11.1995

அன்புள்ள அத்தானுக்கு,

அண்ணி வந்தார்கள், நேற்று ஊருக்கும் கிளம்பிவிட்டார்கள். பொன்மலைக்காரக் குடும்பம் ஒன்று துணைக்கு இருக்கிறது. சென்ட்ரலில் நீங்கள் போய் அழைத்துக்கொள்ள நேற்றே தந்தி கொடுத்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பாருவுக்கென்று ஒரு குட்டிப் பெட்டி வாங்கி, அதற்குள் நாலு கவுன் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். “உங்க கதவுதான் என் பிள்ளையப் பட்டினி போட்டுச்சு” என்று கேட்க வேண்டும், அப்புறம் என்ன கேட்க வேண்டும், எல்லாம் மனசுக்குள் தயார்.

மத்தியானம் கூடத்தில் மூன்று தட்டு வைத்தேன். வேண்டுமென்றேதான். பாரு ஓடிவந்து உட்கார்ந்தாள். அண்ணி விறுவிறுவென்று எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்கள்.

“அண்ணி, வாங்க, உக்காருங்க.”

“நீங்க சாப்புடுங்க. நான் இப்புடி நிக்கிறேன்.”

“ஏன், நான் சமைச்சத சாப்புட மாட்டீங்களா?”

“அட அது இல்ல அபயம். என் கண்ணு பொல்லாதது.”

எனக்கு முதலில் புரியவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்கள். பொன்மலையில் எதிர்வீட்டுப் பிள்ளை சாப்பிடுவதை ஒரு நாள் ரசித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அன்றைக்கே அதற்கு வாந்தி கண்டிருக்கிறது. அதிலிருந்து இவர்கள் தலை தெரிந்தால் அந்த லைனில் எல்லாரும் தட்டோடு பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். “பெத்து வளக்காதவ கண்ணு இல்லையா” என்றார்கள். “கதவ சாத்துன்னு நான் சொன்னது ஊருக்குப் பயந்து இல்ல அபயம். எனக்குப் பயந்து. பழக்கமாயிட்டா நான் வர்றப்பவும் நீ மறக்க மாட்டல்ல.”

நான் தயார் பண்ணியதெல்லாம் எங்கே போனதோ. ஒன்று மட்டும் கேட்டேன்: “அப்ப இவளக் கூட்டிட்டுப் போயி எப்புடி அண்ணி சோறு போடுவீங்க?”

“கண்ண மூடிக்கிட்டு ஊட்டலாம்னு நெனச்சேன்.”

அத்தான், நான் அழுதுவிட்டேன். இத்தனை நாள் அவர்களைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து அழுதேன். கையைப் பிடித்து இழுத்துவந்து பாருவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். உட்கார்ந்தும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

“கண்ணத் தெறங்க அண்ணி.”

“ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆச்சுன்னா தாம்லே டாக்டர் இருக்காரு. தெறங்க.”

திறந்தார்கள். உங்கள் மகள் அவர்கள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை மொத்தமாக வழித்துக்கொண்டாள். பார்த்தது பட்டுவிடுமோ என்று இவர்கள் விரலுக்கு நடுவேதான் பார்த்தார்கள். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் பாருவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடு இல்லை. அன்றைக்கு மத்தியானம் நான் கூப்பிடவே இல்லை, அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் இருந்த நாளெல்லாம் மூன்று பேரும் ஒன்றாகத்தான்.

பாருவை அனுப்பு என்று அவர்கள் கேட்கவும் இல்லை, மாட்டேன் என்று நான் சொல்லவும் இல்லை. கிளம்பும்போது கவுனையெல்லாம் எடுத்து நம் அலமாரியில் வைத்துவிட்டுக் குட்டிப் பெட்டியில் தன் புடவையை அடுக்கிக்கொண்டார்கள். மனசில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் ஏதாவது சொன்னால் எழுதுங்கள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

அபயம்


ஆவடி
10.11.1995

அபயம்,

அக்காவை அழைத்துவந்து, சாயங்காலம் திருச்சிக்கு வண்டி ஏற்றிவிட்டேன். இடையில் ஒரு பகல் என் அறையில் இருந்தாள்.

வந்ததும் கேட்டேன், “குழந்தைய என்னக்கா செய்யலாம்?” என்று. “கொழந்தைய என்னடா செய்யறது? அது பாட்டுக்கு அவங்கம்மாகிட்ட தின்னுக்கிட்டு கெடக்கு. பொங்கலுக்கு நான் போயி நாலு நாள் இருந்துட்டு வர்றேன்” என்றாள். நீ இனிப் பயப்பட வேண்டாம்.

பிறகு அவளே பம்ப் ஸ்டவ்வை ஏற்றிச் சமைத்தாள். எனக்குத் தட்டை வைத்தாள். எப்போதும் போல எதிரே நின்று பரிமாறப் போகிறாள் என்று நினைத்தேன். இன்னொரு தட்டை எடுத்துவந்து எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கவளத்துக்கே மோர்மிளகாயைக் கடித்தாள். என் பங்கையும் எடுத்துக்கொண்டாள். அத்தனை பிரியம் போலிருக்கிறது. முப்பது வருஷமாக அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வண்டி போனபிறகு ரூமுக்கு வந்து உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நமக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது.

உனக்கு என்ன பிடிக்கும், அபயம்? எனக்குத் தெரியவில்லை. எழுது.

சுந்தரம்